படகின் அடியில் போன தேங்காய்

சீல் என்ற பிராணியைத் தொலைக்காட்சியில் பார்த்து "ஐயோ, என்ன வடிவு" என்கிறவர்களை ஒருநாள் அதன் வாய்க்கு முன்னால் நிறுத்திவைக்க வேண்டும். தென்துருவத்தை அண்டிய அந்தத் தீவின் கரையெல்லாம் யானை மாதிரிச் சீல்கள் படுத்துக் கிடந்து ஏப்பம் விட்டன. ஒவ்வொரு ஏப்பத்திலும் ஒரு மீன் சந்தையே அழுகியது. பென்குயின்களோ கோட்டுப் போட்ட கனவான்களாம். நின்ற இடத்திலேயே பின்பக்கமாகப் பீய்ச்சிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி என்னைப் பார்த்தன.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்த, நீந்தக்கூடத் தெரியாத நான் அங்கே போனது வாயால் வந்த வினை. என் அலுவலக மேலாளரான வெள்ளைக்காரர், நீண்ட லீவு போட்டுவிட்டுத் தன் சின்னப் பாய்மரப் படகில் அந்தத் தீவுக்குப் போயிருந்தார். கூடப் போன இருவரும் அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். படகை லண்டனுக்குத் திருப்பிக் கொண்டுவர ஆள் தேவை என்று செய்தி வந்ததும், எங்கள் பரம்பரையே கடல்தான் என்று கையைத் தூக்கினேன். துணைக்கு, ரெய்னர்ஸ் லேனில் இருந்த அண்ணை ஒருவரை இழுத்துக்கொண்டேன். அவர் முன்பு சரக்குக் கப்பலில் எஞ்சினியர்.

புறப்படும் காலையில், ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கி உடுப்புப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோன தேங்காயை எடுத்தேன். லண்டனில் நான் சாமி இல்லை என்று வாதாடுகிறவன். அந்தக் கடலின் நிறத்தைக் கண்டதும் பிள்ளையாரோடு சமாதானமாகிவிட்டேன். வெளியே காற்றுப் பலம் என்பதால் கபினுக்குள்ளேயே ஓங்கி அடித்தேன். துண்டுகளும் தும்பும் தரைப்பலகை இடுக்குகளால் கீழே போய்விட்டன. மேலாளர் கைதட்டினார்.

"சிதறுதேங்காய் தெருவில உடைக்கிறது, ஐசே. வீட்டுக்குள்ள இல்லை," என்றார் அண்ணை.

சில நாட்களில் அலைகள் எங்கள் தலைக்கு மேலால் வரத் தொடங்கின. உள்ளே புகுந்த தண்ணீர் தரைப்பலகைக்கு மேல் ஏறியது. அதை இறைக்கும் பம்ப் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. தண்ணீர் இறங்காவிட்டால் படகு தாழும் என்று மேலாளர் சுக்கானைப் பிடித்தபடி கத்தினார். அண்ணை பலகையைத் தூக்கினார். டீசல், ஊறிய சோறு, சப்பாத்தோடு வந்த பென்குயின் எச்சம், வயிற்றைப் பிரட்டி நாள்தோறும் நான் எடுத்த சத்தி எல்லாம் சேர்ந்து ஒரு குழம்பாகச் சாய்ந்தாடின.

"அண்ணை, நீங்கள்தானே எஞ்சினியர்."

"என்ர கை அதுக்குள்ள போகாது. உம்மட கை முருங்கைக்காய் மாதிரி. விடும்."

"ஏலாது அண்ணை, நாறுது."

"படகோட கடலுக்குள்ள தாண்டு போனா நாறாது. எது வேணும்?"

குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டேன். படகு சாயும்போதெல்லாம் அந்தக் குழம்பு என் உதட்டைத் தேடி வந்தது. பம்புக் குழாயின் வாயில் மயிரும் வழுவழுப்புமாக ஏதோ அகப்பட்டது. செத்த எலி என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். தேங்காய்த் தும்பு. அதற்குள் என் சத்தியில் ஊறிப் புளித்த ஒரு தேங்காய்ச் சொட்டுத் துண்டு.

அண்ணை குனிந்து பார்த்தார். "பிரசாதம். இன்னும் கிடக்கும், துழாவும்."

துழாவினேன். கடைசித் தும்பும் கழன்றதும் பம்ப் ஒரு கெட்ட சத்தத்தோடு உறிஞ்சத் தொடங்கியது. தண்ணீர் பலகைக்குக் கீழே இறங்கியது. தலையைத் தூக்கி ஒரு நிம்மதி மூச்சு விட்டேன். மூச்சோடு வயிற்றில் மிஞ்சியிருந்ததும் வந்து, சுத்தமாக்கிய அதே குழிக்குள் விழுந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று மேலாளர் மேலிருந்து ஆங்கிலத்தில் கேட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று அண்ணையும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கையை எடுக்காதையும். அபிஷேகம் முடியேல்லை."