நாற்பத்தோராம் பக்கம்

வெண்டெல் கிரெப்ஸ் கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வசவோடு விட்டுவிடலாம். இண்டியானாவில் சோளக்காடு சூழ்ந்த ஒரு சின்ன ஊர்; அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகத் துணைத் தலைமையாசிரியர். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுக்குக் குடை பிடிப்பார். சாப்பாட்டு அறையில் பால் கொட்டினால் தானே குனிந்து துடைப்பார். விதி என்று ஒன்று அச்சில் வந்துவிட்டால் மட்டும் மனிதருக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

பள்ளி விதிப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கம் அவர் கைவண்ணம். பக்கத்து ஊர்ப் பள்ளியின் புத்தகத்தைப் பார்த்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது. எந்த நேரத்திலும், எந்த வழியிலும், பள்ளியை இழிவாகப் பேசும் மாணவருக்கு இரண்டு வாரம் விளையாட்டும் கிடையாது, வாத்தியக் குழுவும் கிடையாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பெற்றோர் அத்தனை பேரும் இதைப் படித்துச் சம்மதித்ததாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். படித்தவர் ஒருவரும் இல்லை.

அதில் முதலில் மாட்டியவள் ஒடெட் புரூயிட். பள்ளியில் கடைசி வருடம், வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிப்பவள். ஞாயிற்றுக்கிழமை தன் படுக்கையில் கிடந்தபடி தோழிக்குப் போனில் ஒரு வரி அனுப்பினாள்: ‘நம்ம பேண்ட் வாத்தியார் தாளம் போடறதும் மாடு அசை போடறதும் ஒண்ணு.’ புதன்கிழமை தோழிக்கும் அவளுக்கும் ஏதோ சண்டை. அந்த வரி படமாக வெண்டெலின் மேசைக்கு வந்துவிட்டது.

“சார், அது அவளுக்கு மட்டும் எழுதினது. என் வீட்டுல இருந்து எழுதினது.”

“எந்த நேரத்திலும், எந்த வழியிலும்னு இருக்கேம்மா. கீழ உங்கம்மா கையெழுத்து வேற இருக்கு.”

“வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்கு நடுவுல நான் வாசிக்கறதைக் கேக்க பல்கலைக்கழகத்துல இருந்து ஒருத்தர் வர்றார் சார். பிடிச்சுப்போனா உதவித்தொகையோட இடம் குடுப்பாங்க. அதை விட்டா எனக்கு மேல படிக்க வழியில்ல. தண்டனைய சனிக்கிழமைல இருந்து வெச்சுக்குங்களேன்.”

வெண்டெலின் மனசு இளகத்தான் செய்தது. கை இளகவில்லை, தண்டனைத் தாளில் கையெழுத்துப் போட்டது. “இந்தக் காலத்துப் பசங்களுக்கு இப்படித்தான் வேணும்” என்று காபிக் கடையில் ஊரே அவரை மெச்சியது.

மறுநாள் காலை இன்னொரு படம் வந்தது. கால்பந்து அணித் தலைவன் கோல்ட்டன் ஸ்ட்ரவுட், அதே ஞாயிற்றுக்கிழமை, தன் பயிற்சியாளரைக் கழுதை என்றும் பள்ளியைத் தொழுவம் என்றும் கூட்டாளிக்கு எழுதியிருந்தான். ஐயோ, விடிந்தால் ஆட்டம்! அவன் இல்லாமல் ஜெயிக்க முடியாது.

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது கடல் கடந்தும் செல்லும் போலிருக்கிறது. அன்று மாலை பள்ளி நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. நாட்டுக்கு அரசியல் சாசனம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்கு ஞாபகம் வந்தது. குழுத் தலைவர் ஹார்லன் பாக்ஸ், தீவனக் கடைக்காரர், மேசையைத் தட்டினார்.

“பையன் வீட்டுல உக்காந்து கூட்டாளிகிட்டப் பேசினதைக் கேக்க பள்ளிக்கூடம் யாருய்யா? பேச்சுரிமைக்குத்தானே நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் சண்டை போட்டான்?”

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஐந்தே நிமிடத்தில் நாற்பத்தோராம் பக்கம் ரத்து. ஏற்கெனவே கொடுத்த தண்டனை மட்டும் செல்லும்.

வெண்டெல் எழுந்தார். “ரெண்டு பேரும் ஒரே நாள்லதானே எழுதினாங்க, ஹார்லன்?”

“அவளுக்குத் தாள் குடுத்தாச்சு, இவனுக்குக் குடுக்கல. நீ சுறுசுறுப்பா இருந்துட்டே. அதுக்கு நாங்க என்னய்யா பண்றது?”

கூடம் சிரித்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக வெண்டெலுக்குத் தன் கையெழுத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, யாரையும் கேட்காமல், ஒடெட்டின் தாளின் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதிக்கொண்டு பேண்ட் அறைக்கு ஓடினார்.

வாத்தியார் தாளை வாங்கிப் பார்த்தார். “சரி, வாசிக்கட்டும். ஆனா புதன்கிழமை நீங்க சொன்ன உடனே அந்தப் பல்கலைக்கழகத்துக்காரருக்கு வர வேணாம்னு சொல்லிட்டேனே. அவர் இன்னிக்கு வேற ஊருக்குப் போறார்.”

வெண்டெல் அந்த மனிதருக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். இருந்த ஒரு இடமும் நிரம்பிவிட்டதாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒடெட் அன்று கடைசி வரிசையில் நின்று வாசித்தாள். அணி ஜெயித்தது.

மே மாதம் பட்டமளிப்பு நாளில் பேச்சுரிமை பற்றிப் பேச அழைக்கப்பட்டவன் கோல்ட்டன். நன்றாகவே பேசினான், பாவம். கூட்டம் கலையும்போது வெண்டெல் ஒடெட்டைத் தேடிப் பிடித்தார். அம்மா வேலை பார்க்கும் கோழிப் பண்ணையிலேயே திங்கட்கிழமை அவளும் சேரப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

“தப்பு என்னுதும்மா. என்னைப் பத்தி உனக்கு என்ன தோணுதோ, யாருகிட்ட வேணா தாராளமா எழுது. இனிமே ஒருத்தரும் கேக்க முடியாது.”

ஒடெட் பட்டமளிப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தாள்.

“நான் இப்ப யாருக்கும் எதுவும் எழுதறதில்ல சார்,” என்றாள்.