செவ்வாய்க்கிழமைப் பேச்சு

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் டீயை முடித்துவிட்டு எழுந்துபோகிற ஆள் நான். ஜொகூர் பாருவில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். இதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை.

என் மனைவி சரசுவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சுதான் கெட்டுப்போனது. வாய் ஓயாமல் பேசுவாள், ஆனால் அது தமிழும் இல்லை, மலாயும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள்: "அங்கிள், மூளையில பேச்ச புரிஞ்சிக்கிற எடம் அடிபட்டிருக்கு. நம்ம சொல்றது ஆண்ட்டிக்கு வெறும் சத்தம்தான். அவங்க சரியா பேசுறதாதான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

ஒரே ஒரு தடவை நாங்கள் பேசுவது ஒருவருக்கொருவர் புரிந்தால் போதும் என்று இருந்தேன். அது நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் நடக்கும் அந்தப் பயிற்சிக்கு ஒரு சீனப் பெரியவரை அவர் மகள் கூட்டிவருவாள், அவருக்கும் இதே கோளாறு. அவர் ஏதோ உளறுவார், சரசு ஏதோ உளறுவாள், இருவரும் சேர்ந்தாற்போலச் சிரிப்பார்கள். ஒருநாள் அவர் மெதுவாக எதையோ சொல்லச் சொல்ல இவள் அழுதாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை காரில் போகும்போது, ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் இடத்தில் சரசு என் கையைப் பிடித்து நேரே போகக் காட்டினாள்.

"எங்க சரசு, இன்னைக்கி கிளாஸ் இருக்குலா," என்றேன். அவளுக்கு எங்கே புரியப்போகிறது. சண்டை போடத் தெம்பில்லை, அவள் காட்டின பக்கமெல்லாம் ஓட்டினேன், ஒரு மணி நேரம் போய்ப் பொந்தியானில் ஒரு வீட்டு முன்னால் நிறுத்த வைத்தாள். எங்களுக்கு அந்த ஊரில் யாரும் கிடையாது. வாசலில் பந்தல், உள்ளே சவப்பெட்டி, அதன் முன்னால் அந்தப் பெரியவரின் படம்.

அவர் மகள் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனாள். நேற்று மாலைதான் இறந்தாராம், ஆஸ்பத்திரிக்குக்கூட இன்னும் சொல்லவில்லையாம், வீடு எப்படித் தெரிந்தது என்று மலாயில் கேட்டாள். நான் சரசுவைக் காட்டினேன். அவள் பெட்டியருகே நின்று பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, பிறகு பேசினாள்.

அதன் பிறகு அவள் பேச்சு அடங்கிவிட்டது. தினமும் காலையில் என் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்றைக் கேட்கிறாள், அதே சத்தங்கள், அதே வரிசை. நான் தலையாட்டும்வரை நகரமாட்டாள். ஆட்டியதும் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போகிறாள். எதற்குச் சம்மதிக்கிறேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.