அம்மாவுக்கு வந்த சளி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. சைதாப்பேட்டையில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பேசச் சொன்னால் எனக்கு வராது. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. விற்கிற வேலை இல்லை. வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்குகிற வேலை. அதற்கு வாய் தேவையில்லை. இப்போது பொங்கல் வியாபார நேரம். இந்த நேரம் பார்த்து எனக்குச் சளி பிடித்துக்கொண்டது. பட்டுப் புடவை மேல் தும்மிவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, உடம்பு சரியானதும் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் மகள், கரண்டில் போடுகிற ஆவி மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். என்னிடமிருந்து சளி என் மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. நேற்று அவள் போர்வையைத் தலையோடு போட்டுக்கொண்டு அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நான் சத்தமில்லாமல் போய் மெஷினைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நிம்மதியாகத் திரும்பி வந்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"யாரு ஆவி புடிச்சாலும் நீ போய் தொட்டுப் பாக்குறப்பா. சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டே இருக்கேன். ஏன்?" என்றாள்.

வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது சைதாப்பேட்டையில் அடையாற்றுக் கரையோரம் குடியிருந்தோம். ஒரே அறை. அடுப்பு, படுக்கை, சாமி படம் எல்லாம் அதற்குள்தான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மீன்பாடி வண்டி மிதித்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு வந்து மார்க்கெட்டில் இறக்குவார். வீட்டில் அம்மா, அக்கா, நான், அப்புறம் நைனாவின் அக்காவான அத்தை. புருஷன் இறந்த பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டாள்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அக்கா வீட்டில் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துப் போயிருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். நடந்தது வேறு. கோடம்பாக்கத்தில் சினிமா ஷூட்டிங்குக்கு லைட் தூக்கும் ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் போய்விட்டாள். இன்றைக்கு அக்காவுக்குப் பேரனே பிறந்துவிட்டான். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருவார்கள். படிக்கிறவர்கள் அவளுக்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அன்றைக்கு நைனா வாசலில் நின்றுகொண்டு ஒரு சட்டம் போட்டார்.

"அவ பேரு இந்த வூட்ல வரக் கூடாது. அவளுக்கோசரம் யாருனா ஒரு சொட்டு கண்ணீர் வுட்டீங்க, அவ போன வழியிலயே போயிடணும். சொல்லிட்டேன்."

பொதுவாகச் சொல்வது போல் சொன்னாலும் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். பனியன் கம்பெனிக்குப் போனவளுக்காக யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நைனா பகலெல்லாம் வண்டியில் இருப்பார். சட்டத்தைக் காவல் காத்தது அத்தைதான். அம்மா வெங்காயம் அரிந்தால்கூட அத்தை கிட்டே வந்து முகத்தைப் பார்ப்பாள். வெங்காயத்தையும் பார்ப்பாள், இவ்வளவு கண்ணீருக்கு இந்த வெங்காயம் போதுமா என்பது போல.

மார்கழி பிறந்தது. ஆற்றுப் பக்கமிருந்து ஈரக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் வழக்கம் போல எனக்குச் சளி வந்தது. எங்கள் வீட்டில் சளிக்கு டாக்டரிடம் போகிற பழக்கம் இல்லை. கரையில் நொச்சி புதராக மண்டிக் கிடக்கும். அம்மா அதை ஒடித்து வந்து, அலுமினியக் குண்டானில் மஞ்சள் தூளோடு கொதிக்கவிட்டு, என்னைக் குண்டான் முன்னால் குந்த வைத்து, நைனாவின் கம்பளிப் போர்வையால் மூடிவிடுவாள். உள்ளே கும்மிருட்டு. வெந்த நொச்சியின் கசந்த வாசனை. "மூக்கால இழு, வாயால வுடு" என்று வெளியிலிருந்து அம்மாவின் குரல் வரும். நான் தப்பித்து வந்துவிடாதபடி போர்வை ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்திருப்பாள்.

அது முடிந்தால் விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை மூக்கில் காட்டுவாள். படுக்கும்போது வெற்றிலையில் எண்ணெய் தடவி, அனலில் வாட்டி நெஞ்சில் ஒட்டுவாள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டது நண்டு ரசத்துக்காக. நைனா சின்ன நண்டாகப் பார்த்துக் கொண்டு வருவார். அம்மா அதை ஓட்டோடு இடித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். ஒரு வாய் குடித்தால் மூக்கு மட்டுமல்ல, காதும் திறந்துகொள்ளும்.

ஒரு நாள் அந்த நண்டுகளில் பெரியது ஒன்று வந்துவிட்டது. நைனா அதன் கொடுக்கைப் பல்லால் உடைத்து, சதை தெரியும்படி தட்டின் ஓரத்தில் வைத்தார். எப்போதும் அது அக்காவுக்குப் போகும். நைனா அந்தக் கொடுக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார். கொடுக்கு எனக்குக் கிடைத்தது. நைனாவுக்கு நண்டு பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

என் சளி இறங்கியதும் அம்மாவுக்கு ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால், "எனுக்கும் மூக்கு அடைச்சிக்கினு கீது" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, குண்டானோடு மூலையில் உட்கார்ந்து போர்வைக்குள் போய்விடுவாள். ஒரு நாள் இல்லை, தினமும்.

எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மா தும்மவில்லை, இருமவில்லை. குரலும் நன்றாக இருந்தது. சளி பிடித்தவர்கள் அடைத்த மூக்கோடு உள்ளே போய்த் திறந்த மூக்கோடு வெளியே வருவார்கள். அது நானே அனுபவித்து அறிந்தது. அம்மா நல்ல மூக்கோடு உள்ளே போய் அடைத்த மூக்கோடு வெளியே வந்தாள். நான் ஆவி பிடித்தால் தெருவுக்கே நொச்சி வாசனை போகும். அம்மா பிடித்தால் வாசனையே இல்லை. இன்னும் ஒன்று. காதை வைத்துக் கேட்டால் போர்வைக்குள்ளிருந்து எதையோ விழுங்குகிற சத்தம் வந்தது. விழுங்கி, நிறுத்தி, மறுபடி விழுங்குவது.

எனக்கு விளங்கிவிட்டது. கார்த்திகை தீபத்துக்கு உருட்டிய பொரி உருண்டைகள் டப்பாவில் மீதி இருந்தன. இப்போது டப்பா காலி. அதில் பாதியை நானே எடுத்துத் தின்றிருந்தேன், ஆனால் அதை நான் யோசிக்கவில்லை.

அத்தைக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு நாள் தெருக் குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"இன்னாடா, உங்கம்மாளுக்கு இன்னா சளி?"

"தெர்ல அத்த. தும்மவே இல்ல."

"இருமுச்சா?"

"இல்ல."

"அதான் நானும் பாத்துக்கினு கீறேன். உள்ள குந்திக்கினு இன்னா பண்றா?"

"பொரி உருண்ட துன்னுது அத்த."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா பொறந்த போ, உங்கப்பனுக்கு. தோ பாரு. இன்னிக்கு உள்ள போவட்டும். கொஞ்ச நேரம் வுட்டு போர்வைய தூக்கிப் பாரு. இன்னா பாத்தியோ, அத உங்க நைனாவாண்ட சொல்லு. உனுக்கு மசால் வடை வாங்கித் தரேன்."

நாங்கள் இருவரும் ஒரே ஆளைத்தான் சந்தேகப்பட்டோம். குற்றம்தான் ஆளுக்கு ஒன்றாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா வழக்கம் போலப் போர்வைக்குள் போனாள். அத்தை வாசல் பக்கம் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். கண் மட்டும் மூலையில் இருந்தது. வெளியே நைனாவின் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அத்தை புருவத்தைத் தூக்கினாள். நான் தவழ்ந்து போய், முதலில் போர்வைக்கு அடியில் கையை விட்டேன். பொரி உருண்டையைக் கையும் களவுமாகப் பிடிக்கிற எண்ணம். கை குண்டானுக்குள் விழுந்தது.

தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

போர்வையை இழுத்துவிட்டேன். அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு, முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க ஈரம். குண்டானில் பச்சைத் தண்ணீர். அதில் வாடாத நொச்சி இலை ஒன்று மிதந்தது. பொரி உருண்டை எங்கும் இல்லை. அந்த ஏமாற்றத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நைனா நின்றிருந்தார்.

"நைனா! தண்ணி ஜில்லுனு கீது! அம்மா சும்மா ஏமாத்திக்கினு கீது!"

அத்தை முறத்தை வைத்துவிட்டு எழுந்து நைனா பக்கம் திரும்பினாள். "நான் சொன்னா கேட்டியாடா நீ? அவ மூஞ்சியப் பாரு. ஆவி புடிச்ச மூஞ்சியா அது?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து, கொடியில் கிடந்த தன் மாற்றுப் புடவையை உருவினாள். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எதற்கு இப்போது புடவை என்று நான் பார்த்தேன்.

நைனா வந்து குண்டான் முன்னால் குந்தினார். மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டார். விட்ட கை அப்படியே இருந்தது. அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வெடுக்கென்று கையை எடுத்து உதறினார்.

"யப்பா! இன்னாமே, இப்டி கொதிக்குது! கை வெந்துடும் போல கீதே!"

அத்தைதான் முதலில் அசைந்தாள். "எங்க, நான் பாக்கறேன்" என்று கையை நீட்டினாள்.

நைனா குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உனுக்கு வேற கொப்புளம் போடணுமாக்கா? போ, போய் சோத்தப் பாரு."

"ஜில்லுனுதான் நைனா கீது! நான் தொட்டேன்!" என்றேன் நான்.

"உனுக்கு சளி. சளி புடிச்சவனுக்கு சூடு தெரியாது. தள்ளு."

"எனுக்கு போயிடுச்சி நைனா!"

"தள்ளுடான்றேன்."

அம்மாவின் கக்கத்திலிருந்து புடவையை எடுத்து, மறுபடி கொடியில் போட்டார். அதற்கு முன் அவர் கொடியில் துணி போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. "குந்து. சூடு ஆறதுக்குள்ள புடி" என்று அம்மாவை உட்கார வைத்துப் போர்வையை மூடினார். எனக்கு அம்மா செய்வது போலவே ஓரங்களை உள்ளே செருகி, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. விழுங்குகிற சத்தம் இல்லை. வாய்விட்டு வந்தது. போர்வை குலுங்கியது. அத்தை அடுப்படியில் கரண்டியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நல்ல சளி," என்றார் நைனா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "இப்பதான் எளகுது."

எனக்கு மசால் வடை கிடைக்கவில்லை. கேட்டதற்கு அத்தை, "போடா, வந்துட்டான் பெரிய சிஐடி" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அவள் வெங்காயத்தைப் பார்க்கிறதை விட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நைனா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மாவைப் பார்க்காமல், "எனுக்கும் மூக்கு அடைச்சிக்கினு கீதுமே" என்றார்.

அம்மா அடுப்பு பற்ற வைக்கவில்லை. குடத்திலிருந்து குண்டானில் தண்ணீரைச் சாய்த்து, ஒரு நொச்சி இலையைக் கிள்ளிப் போட்டு மூலையில் வைத்தாள். நைனா போர்வைக்குள் போனார். பெரிய உடம்பு, முதுகுப் பக்கம் மூடவில்லை. அம்மா இழுத்து மூடிவிட்டு, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இந்த முறை ஏமாறக் கூடாது என்று நான் முன்னாலேயே குண்டானைத் தொட்டுப் பார்த்து வைத்திருந்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. எனக்குச் சளி சுத்தமாக விட்டுப் போயிருந்தது, ஆகையால் என் கையில் தப்பில்லை. நைனா வெகு நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது அவருக்கும் மூக்கு அடைத்திருந்தது, கண் சிவந்திருந்தது.

யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். பெரியவர்களுக்கு வருகிற சளி வேறு ரகம். அது சூட்டில் இளகாது, பச்சைத் தண்ணீரில்தான் இளகும். கண் எரிகிற புகையும் மூக்கைச் சுடுகிற ஆவியும் சின்னப் பையன்களுக்கு மட்டும்தான். அம்மாவிடம் போய், "எனுக்கும் இனிமே அந்த மாரி பச்ச தண்ணியே வச்சிக் குடும்மா" என்று கேட்டேன்.

அம்மா என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "அந்த சளி உனுக்கு வேணாண்டா" என்றாள்.

சுகமான வைத்தியத்தை எல்லாம் பெரியவர்கள் தங்களுக்கென்று ஒளித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று அதன் பிறகும் வெகு காலம் நான் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எழுதி முடித்தது: மார்கழி இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை.