முழுதாய் எடுத்துவிட்டேன் என்று நான் சொன்ன முள்

எங்கள் வீட்டில் முள் எடுப்பது என் வேலை. ஊசியை நெருப்பில் காட்டி, மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அயல்வீட்டாரும் கையையோ காலையோ நீட்டிக்கொண்டு வருவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

போன வைகாசியில் ஊர் அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்கு. கோயிலுக்கு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், கேட்டிருந்தார்கள். எங்கள் கிணற்றடித் தேசிமரம் காய்த்துத் தொங்கியது. மகளைப் பிடுங்கச் சொன்னேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. முன்னறையில் மெசின் போட்டுச் சட்டை தைக்கிறாள். அப்போது துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இத வெட்டிப்போட்டு மறுகாப் பிடுங்குறன் அப்பா."

"கோயில் அம்மாளுக்கு எண்டாலும் உனக்கு மறுகாதானா?"

கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வரும்போது கூடை இடக்கையில் இருந்தது. வலக்கையைப் பொத்தியிருந்தாள். நடுவிரல் உள்ளங்கையில் தொடங்கும் இடத்தில் தேசிமுள் ஏறி முறிந்திருந்தது. நான் கிளறி எடுத்தேன். எடுத்த துண்டை நகத்தில் வைத்து அவளுக்குக் காட்டினேன்.

"இந்தா, முழுசா வந்திட்டு."

"இல்லப்பா, இன்னும் உள்ளுக்குக் குத்துது."

"அது குத்தின நோ. ரெண்டு நாளில போயிரும்."

மனைவி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். "அம்மாளுக்குப் பிடுங்கப் போய்க் குத்தின முள்ளு ஒண்டும் செய்யாதுகா," என்றாள்.

மூன்றாம் நாள் கை வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று மகள் கேட்டாள். ஆஸ்பத்திரி என்றால் சாவும் பேறும் உள்ள இடம், தீட்டு, துடக்கு. சடங்கு நாளில் அங்கே போய்வந்த வீட்டிலிருந்து கோயில் பொங்கலுக்கு எதுவும் கொண்டுபோக முடியாது. நான் இவற்றை நம்புகிறவனில்லை. ஆனாலும், "குளிர்த்தி முடியட்டும் மகள்," என்றேன். கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் அந்தக் குளிர்த்தி பாடி முடிவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது.

ஆடியில் அந்த இடத்தில் பயறளவு ஒரு கட்டி இருந்தது. தொட்டால் கெட்டியாக இருந்தது. கொழுப்புக்கட்டி என்று நானே பெயர் வைத்தேன். "முள்ளுதான் அப்பா," என்றாள் மகள். எடுத்த முள்ளை உனக்குக் காட்டினேனே என்றேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள்.

"என்னகா, எங்கட வீட்டில வெள்ளக்காரத் துரைச்சாணி ஒண்டு வந்திருக்கு?" என்றேன். மனைவி சிரித்தாள். மகளும் கொஞ்சம் சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விரலை மடக்கிச் சோறு பிசைய முடியாமல்தான் அவள் கரண்டியை எடுத்திருக்கிறாள். ஒரு தகப்பனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்து யாருடைய சட்டைக் கையையோ கோணலாக வெட்டிவிட்டாள் என்று மனைவி சொன்ன பிறகுதான் அவளை நகரத்துக்கு ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏதாவது குத்தினதா?"

பதில் சொன்னது நான். "தேசிமுள்ளு ஒண்டு குத்தினது சேர். அத நான் அண்டைக்கே முழுசா எடுத்திட்டன்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. திரும்பும் வழியில் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டியபடி, காற்றுக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னேன்: "பார்த்தியா மகள்? உள்ளுக்கு ஒண்டுமில்ல." எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், அன்று பிடிக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், உலோகத்தைக் காட்டும், மரத்தையும் முள்ளையும் அநேகமாகக் காட்டாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட கை இது. அன்று பாலத்தில் அது என் நினைவுக்கு வரவேயில்லை. வர நான் விடவில்லை என்பதுதான் சரி.

கார்த்திகையில் அந்த விரல் பாதிதான் மடங்கியது. கட்டி புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. வேறொரு இடத்தில் ஒரு பெண் சத்திரசிகிச்சை டொக்டர் ஸ்கான் செய்து பார்த்தார். உள்ளே ஏதோ இருக்கிறது, வெட்டி எடுப்போம், கட்டியைச் சோதனைக்கும் அனுப்புவோம் என்றார். சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வந்தது.

வெட்டி எடுத்ததை ஒரு சின்னப் போத்தலில் காட்டினார்கள். வெளிறிய சதை, பக்கத்தில் அரைக் குறுணல் அரிசி அளவில் கறுத்த முள்நுனி. முடிவு வரும்வரை பத்து நாள் நான் வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று தெரியாது. முடிவு நல்லதாகவே வந்தது. புற்றுநோய் இல்லை. உள்ளே போன பொருளைக் கரைக்கவும் முடியாமல், வெளியே தள்ளவும் முடியாமல், உடம்பு அதைச் சுற்றிக் கட்டி வைத்த சதை என்று டொக்டர் விளக்கினார். "கெதியா வந்திருந்தா இது சின்ன வேலை. இப்ப நரம்புக்குக் கிட்ட எல்லாம் ஒட்டிப் போயிற்று," என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை.

முதல் நாளிலிருந்தே அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள். அவளுடைய கைக்குள் இருந்ததை அவள் சொல்ல, வெளியே இருந்த நான் இல்லையென்றேன்.

போன கிழமை திரும்பக் காட்டப் போனோம். டொக்டர் விரலை மடக்கிப் பார்த்தார். முன்பைவிட மடங்கியது, முழுதாக இல்லை.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான்..." என்று என் வாய் தொடங்கிவிட்டது. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமான பார்வையில்லை. நான் நிறுத்திக்கொண்டேன். டொக்டர் அவளுக்காகக் காத்திருந்தார்.

"நோ குறைவு," என்றாள் மகள். "ஆனா விரல் நுனி மரத்துக் கிடக்கு. ஊசி குத்தினாலும் தெரியாது."

"எப்ப இருந்து? வெட்டினதுக்குப் பிறகா?"

"இல்ல, அதுக்கு முந்தியே. புரட்டாசியில இருந்து."

புரட்டாசியில் நாங்கள் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். எனக்கு அது தெரியாது.