தாமசித்த அச்சும் முந்திய அச்சும்

இனயம் என்ற கடற்கரை ஊரில் நான் அச்சு குத்திய முதல் பிள்ளையின் கையை, நான் அந்த முற்றத்தைத் தாண்டுவதற்குள் அதன் தாய் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் துடைத்தாள். ஒளிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. திருவிதாங்கூர் சர்க்காரில், வைசூரி என்கிற பெரியம்மைக்குத் தடுப்பு குத்தும் வாக்சினேட்டர் உத்தியோகம். கரையில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அச்சு குத்துகிறவர் என்பார்கள்; நேரில் ‘சாறே’ என்பார்கள். நாகர்கோவிலில் என் மேலதிகாரியான இன்ஸ்பெக்டர் என்னை அனுப்பும்போதே சொன்னார்: “கடப்புறத்துல ஒமக்கு ஒரு பய கை நீட்ட மாட்டான் வேய். வைசூரி வந்த பொறவு எல்லாரும் நீட்டுவான். அப்பம் ஒம்ம கையில மருந்து இருக்காது.”

மருந்து என்பது லிம்ஃப். கன்றுக்குட்டிக்குப் பசு அம்மையை வரவழைத்து, அதன் தோலில் எழும் கொப்புளத்திலிருந்து திருவனந்தபுரத்தில் எடுப்பார்கள். மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்து வரும். வெயில் பட்டால் செத்துப்போகும். ஈரமணல் நிரப்பிய மண்கலயத்தில் புதைத்து, அதன்மேல் ஈரத்துணி சுற்றி, இரணியலிலிருந்து நடந்தே கொண்டுபோவேன். கையில் ஒரு சொட்டு வைத்து, லான்செட் என்கிற சிறு கத்தியால் தோலை மெல்லக் கீற வேண்டும். எட்டாம் நாள் திரும்பிப் போய், கொப்புளம் முத்துப்போல எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்திருந்தால் ‘பிடித்தது’ என்போம்.

பசு அம்மை வைசூரிக்குச் சொந்தக்கார நோய், ஆனால் சாது. ஒரு கொப்புளத்தோடு ஒதுங்கிவிடும். அதனோடு சண்டைபோட்டுப் பழகிய உடம்பு, பிறகு வைசூரி வந்தால் இன்னாரென்று அடையாளம் கண்டு அடித்துவிடும். அதனால்தான் முன்பு அச்சு பிடித்தவருக்கும், வைசூரியில் பிழைத்தவருக்கும் மறுபடி கீறினால் முழுக் கொப்புளம் எழுவதில்லை. மறுநாளே சிவந்து, அரித்து, அப்படியே அடங்கிவிடும். உடம்புக்குள் இது எப்படி நடக்கிறது என்று இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகள் பேர்பேராகச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: உடம்பு மறப்பதில்லை. ஆனால் கற்றுக்கொள்ள அதற்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

வைசூரிப் புரை

அடுத்த வருஷம் வைசூரி கொச்சியிலிருந்து இனயத்துக்கு வந்தது. மிக்கேல் என்ற இளைஞன் அங்கே மீன்வேலைக்குப் போயிருந்தான். காய்ச்சலோடு திரும்பி, அண்ணன் சிலுவையின் வீட்டில் படுத்தான். வீட்டார் யாரிடமும் சொல்லவில்லை. குரு என்கிற வைசூரிக் கொப்புளம் முகமெல்லாம் பொங்கி, நாற்றம் வெளியே வந்த பிறகுதான் தாழைக்காட்டுக்கு அப்பால் ஓலைப்புரை கட்டி அவனை அங்கே கிடத்தினார்கள்.

புரையில் அவனைப் பார்த்துக்கொண்டவள் மரியாள் அக்கா. நாற்பது வயதைத் தாண்டிய விதவை. சின்ன வயதில் வைசூரி வந்து, முகம் முழுக்கக் குழி, ஒரு கண் போய்விட்டது. அதன்பிறகு அந்தக் கரையில் எங்கே வைசூரி வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தீர்ந்ததும் அவள் எதிரே வந்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்று அவள் வாழையிலையை வாட்டி நோயாளிக்கு விரித்துக்கொண்டிருந்தாள்.

“சாறு பேடிக்காம உள்ள வாறீயளே, ஒங்களுக்கும் வந்ததா?”

“எனக்கு அச்சு பிடிச்சிருக்குக்கா.”

“அப்பம் செரி. நம்ம ரெண்டுபேருக்கும் இஞ்ச எடம் உண்டு. வேற எங்கயும் இல்ல.”

எனக்கும் எந்த வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஊருக்குத் தெற்கே, யாரும் புழங்காத ஒரு வலைப்புரையில் தங்கினேன். நானே கஞ்சி வைத்துக்கொண்டேன்.

சிலுவையின் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி பிரகாசி அங்கே இல்லை. இரண்டாவது பேற்றுக்குக் குறும்பனையில் தாய்வீட்டுக்குப் போனவள், கைக்குழந்தையோடு இன்னும் திரும்பவில்லை. வீட்டில் சிலுவையும் மூத்தவள் ரோசியும்தான். ரோசிக்கு ஆறு வயது. அந்தக் கரையில் யாரும் இழுக்காமல் என்னிடம் வந்த பிள்ளை அவள் ஒருத்திதான். சிலுவையே அவள் கையைப் பிடித்து நீட்டினான்.

“இவளுக்குக் குத்தும். இவ சித்தப்பன் பாயிலதான் எப்பளும் கெடப்பா.”

“ஒமக்கும் குத்திக்கிடும்.”

“எனக்கு எதுக்கு? உப்புக்காத்து அடிச்ச ஒடம்பு. ஒண்ணும் வராது.”

எவ்வளவு சொல்லியும் அவன் கை நீட்டவில்லை. ரோசி அழவில்லை. கீறிய இடத்தை உற்றுப் பார்த்து, “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

இரண்டு நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு முதுகுவலி. பிறகு குரு. நான் கீறிய இடத்தில் கொப்புளமும் எழத் தொடங்கியிருந்தது. ஆனால் அதற்குள் மற்றது உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. சித்தப்பன் பாயில் கிடந்த அன்றே வைசூரி அவளுக்குள் புகுந்திருக்க வேண்டும். அது பத்துப் பன்னிரண்டு நாள் வெளியே தெரியாமல் இருக்கும். அந்த நாட்களின் தொடக்கத்தில் குத்தியிருந்தால் அச்சு முந்தியிருக்கும். நான் போனது முடிவில்.

புரைக்கு அனுப்பச் சிலுவை ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே வைத்து, தானே விசிறி, தானே இளநீர் கொடுத்தான். தகவல் கிடைத்துப் பிரகாசி ஓடி வந்தபோது பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லை. மறுநாள் ரோசி இறந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து சிலுவை நேரே என் வலைப்புரைக்கு வந்தான். சத்தம் போடவில்லை. வெளியே மணலில் நின்றான்.

“எனக்க மவ நல்லா ஓடிச்சாடி நடந்தா. நீரு கையக் கீறினீரு. ரெண்டாம் நாளு காய்ச்சலு.”

“சிலுவை, அது மிக்கேலுக்க கிட்டயிருந்து முந்தியே அவளுக்குள்ள வந்தாச்சு. நான் குத்தினது தாமசிச்சுப் போச்சு.”

“தாமசிச்சுன்னு தெரிஞ்சா எதுக்குக் குத்தினீரு?”

“அண்ணைக்கு அது ஆருக்கும் தெரியாது. வெளியில ஒண்ணும் காணாதுல்லா. முந்தவும் செய்யும், பிந்தவும் செய்யும்.”

அவன் கொஞ்சநேரம் என் கலயத்தையே பார்த்தான்.

“இனி எனக்க வாசல்ல வராண்டாம். எவன் வாசலுக்கும் போவாண்டாம்.”

அதோடு ஊர் அடைத்துக்கொண்டது. மீன் விற்கிற பெண்கள் என்னைக் கண்டால் கூடையை மூடிக்கொண்டு நடந்தார்கள். பகல் முழுவதும் கலயத்துத் துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாலைந்து குழல்கள் மிச்சமிருந்தன. கேட்பாரில்லை.

அந்த வாரத்தில்தான் என் மைத்துனன் வந்தான். என் மனைவி செல்லம் தலைப்பிரசவத்துக்குத் திங்கள்சந்தைப் பக்கம் அவள் வீட்டில் இருந்தாள். அவன் தென்னந்தோப்பின் ஓரத்திலேயே நின்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டுச் சொன்னான்.

“அத்தான், பொம்பிளைப் பிள்ளை. ரெண்டுபேருக்கும் சுகந்தான். இது தீந்தாலொழிய நீங்க வராண்டாம்னு அம்மை சொல்லச் சொன்னா.”

பிள்ளை யார் ஜாடை என்று கேட்க நினைத்தேன். கடல் இரைச்சலில் கத்திக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அவன் போன பிறகு, புரையில் மரியாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் மட்டுமே இருந்தாள், சொல்வதற்கு.

“தாயும் பிள்ளையும் நல்லா இருக்கட்டு” என்று நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள். பிறகு மிக்கேலின் பொருக்குக்கு எண்ணெய் தடவப் போய்விட்டாள்.

பிரகாசி வந்தது

அடுத்த நாள் முற்பகல். ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். நோய் கண்ட வீடு என்று சிலுவையைத் தொழிலுக்குச் சேர்க்கவில்லை; அவன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தானாம். பிரகாசி மூன்றுமாதக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என் வலைப்புரை வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“எனக்க ரோசிக்குக் குத்தினதத்தான் இவனுக்கும் குத்துவியளா?”

“ஆமா. அதேதான்.”

“குத்தினா இவன் சாவாதிருப்பானா?”

இந்த வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைப்போலக் கனமானது இல்லை. ஆம் என்று சொன்னால் உடனே கையை நீட்டுவாள் என்று தெரியும்.

“நிச்சயமாட்டு எனக்குச் சொல்லத் தெரியாது. நீ இவனக் கொண்டு வந்து நாலு நாளு தானே ஆச்சு? ரோசிக்கு அதுக்க எத்தனையோ நாளு முந்தியே பட்டிருந்து. இப்பம் குத்தினா அச்சு முந்த வழி உண்டு. நாளுக்கு நாளு அது கொறையும்.”

“குத்தாம இருந்தா?”

“இவன் ரோசிக்க பக்கத்துல கெடந்தவன்.”

அவள் குழந்தையின் தலையை முகர்ந்தாள்.

“ரோசிக்க அப்பன் அறிஞ்சா என்னைக் கொல்லும்” என்றாள். பிறகு வெறும் மணலில் உட்கார்ந்து, குழந்தையின் கையைத் துணியிலிருந்து வெளியே எடுத்தாள். “எனக்கும் குத்துங்க. நான் போனா இவனுக்குப் பாலு ஆரு குடுப்பா?”

குழலை உடைத்தேன். மருந்து உயிரோடு இருக்கிறதா, வெயிலில் செத்துவிட்டதா என்பதுகூட எனக்குத் தெரியாது. பிள்ளை கையிலும் தாய் கையிலும் கீறினேன். காயும்வரை அவள் அசையாமல் இருந்தாள். எண்ணெய் தொடவில்லை.

அவள் வீட்டுக்கு நான் போக முடியாது. மரியாள் அக்காதான் கிணற்றடியில் அவளைப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். ஒன்றும் இல்லை என்றாள். பிறகு, குழந்தை கையில் சிவப்பு எழுந்திருக்கிறது என்றாள். பிறகு கொப்புளம். தாய்க்கும் கொப்புளம். நான் வலைப்புரைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

இதற்கிடையில் சிலுவை விழுந்தான். மகளை மடியில் கிடத்தி விசிறிய நாட்களில் பட்டது. அவனைப் புரைக்குத் தூக்கிவர யாரும் முன்வரவில்லை. நானும் மரியாள் அக்காவும் ஒரு பாயில் வைத்து, மணலில் நிறுத்தி நிறுத்திக் கொண்டுவந்தோம். மிக்கேல் பிழைத்துப் போன இடத்தில் அவனைக் கிடத்தினோம். குரு ஒன்றோடொன்று சேர்ந்து கண்ணை மூடிவிட்டது. யார் இளநீர் கொடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் வாயைத் துடைத்துவிடும்போது கேட்டான்: “சாறா?”

“ஆமா.”

“கொச்சுக்கு எப்படி?”

மூன்று நாளுக்கு முன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருந்தது. அதை அவனிடம் மறைத்திருந்தோம். அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைக்கு நெற்றியிலும் வயிற்றிலுமாக நாலைந்து குரு வந்தது. அதற்குமேல் வரவில்லை. நீர் கோக்காமலே காய்ந்துவிட்டது. அச்சுக்கும் வைசூரிக்கும் நடந்த ஓட்டத்தில் அச்சு ஓர் எட்டு முந்திவிட்டது. பிரகாசிக்கு அதுவும் வரவில்லை.

“நாலு குரு வந்தது. காய்ஞ்சு போச்சு. பாலு குடிக்கான்.”

மூடிய இமைகளுக்கிடையே நீர் வடிந்தது. துடைத்தால் பொருக்கு பெயரும் என்பதால் அப்படியே விட்டேன்.

சிலுவை பிழைத்தான். முகம் மரியாள் அக்காவின் முகம் போலாகிவிட்டது. தேறியபின் ஒருநாள் என்னோடு வலைப்புரை வாசலில் உட்கார்ந்தான்.

“ரோசிக்கு நீரு குத்தினதால வரல்லன்னு நீரு சொல்லுதீரு. கொச்சு ஒம்மாலதான் பிழைச்சான்னும் ஊரு சொல்லுது. நான் ரெண்டையும் நம்பணும், இல்லியா?”

“ரெண்டும் நெசந்தான், சிலுவை.”

“ரெண்டாமத்தத நம்புதேன்” என்றான். எழுந்து போய்விட்டான்.

மிச்சமிருந்த வீடுகள் அதன்பிறகு திறந்தன. புதுக் குழல்கள் வந்தன. கை நீட்டினார்கள், எண்ணெய் வைத்துத் துடைக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் என்னை உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை. வைசூரி அந்த ஊரோடு நின்றது. மரியாள் அக்கா புரைக்குத் தீ வைத்துவிட்டு, கடலில் முங்கி, நனைந்த சேலையோடு தன் வீட்டுக்குப் போனாள். வழியில் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனபோது

மாமியார் என்னை முற்றத்திலேயே நிறுத்தினாள். உடுத்த துணியை எரித்து, கிணற்றடியில் மஞ்சள்தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டாள். செல்லம் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என் ஜாடைதான். அது என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது.

“ஆளு தெரியாதுல்லா, அதான்” என்றாள் செல்லம்.

இரண்டு நாள் இருந்தேன். பிள்ளை பழகுவதற்குள் இராஜாக்கமங்கலத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே வைசூரி இல்லை. “நோக்காடு இல்லாத ஊருல ஒங்களுக்கு என்ன சோலி?” என்று செல்லம் கேட்டாள். அவளுக்கு ரோசியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாததைத் தெரியாது என்று தாயிடம் சொல்லுங்கள்; அவள் தாங்குவாள். நோய் வந்த ஊர் உங்களைக் கூப்பிடும். கூப்பிடாத ஊருக்கு முதலில் போங்கள். அங்கே நீங்கள் யாருக்கும் வேண்டாதவர். கெஞ்சி, ஏச்சு வாங்கி, குத்திவிட்டு வருவீர்கள். பிறகு அந்த ஊரில் ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றுக்காக யாரும் உங்களை நினைக்கப் போவதில்லை. இராஜாக்கமங்கலத்தில் என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நான் அங்கே வேலை பார்த்த வருஷங்களில் வைசூரிப் புரை கட்ட ஒருநாளும் அவசியம் வரவில்லை.