நான்கு விரல் உயரம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் வண்டி மாட்டிக்கொண்டது. சேற்றில் அல்ல. மேட்டிலும் அல்ல. எஞ்சின் கோளாறு எதுவும் இல்லை. புதிதாகப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள் மிக நன்றாக வேலை செய்ததால் மாட்டிக்கொண்டது!

நன்றாக வேலை செய்தால் யாராவது மாட்டிக்கொள்வார்களா? உத்தியோகம் பார்த்தவர்களைக் கேளுங்கள்... சொல்வார்கள்.

வண்டி என் தங்கை மகன் ஜெகாவுடையது. ஃபோர் வீல் பிக்கப். அவனுக்குச் சுங்கை ஊடாங் பெட்ரோல் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. லீவு நாளில் நண்பர்களோடு காட்டுக்குள் போவான், வண்டியைச் சேற்றில் புதைப்பான், கயிறு கட்டி இழுப்பான், பிறகு அதை ஃபோட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவான். இதற்கென்றே வண்டியை உயர்த்திக் கட்டியிருக்கிறான். ஆள் உயரத்துக்குப் பாதி வரும் சக்கரங்கள். நான் ஏறுவதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் கிடக்கும்.

வருடத்தில் ஒரு நாள் அந்த வண்டி ரதமாகும்.

செர்காம் போகிற வழியில் உள்ளே திரும்பினால் எங்கள் தோட்டம். கோயில் கீழே, தார் ரோட்டை ஒட்டி. மேல் டிவிசன் என்பது செம்பனைக்குள் செம்மண் மேட்டில் ஏறிப் போனால் வரும் எட்டு வீடுகள். மழை பெய்தால் லோரி ஏறாது. ஜெகாவின் வண்டி ஏறும். அதனால்தான் அம்மன் அதில் ஏறுகிறாள்.

போன வருடம் பாதி மேட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். பின்சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்கும் இடது பக்கத்துப் பெரிய ஸ்பிரிங் பட்டை இரண்டாகிவிட்டது. அம்மன் இடப்பக்கம் சாய்ந்துவிட்டாள். நான்கு பேர் ரதத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினோம். மேலே எட்டு வீட்டிலும் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தது மிச்சம்.

உடைந்த பட்டைக்கு ஜெகா ஏதோ ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். மனத்துக்கு யார் ஒட்டுப் போடுவது?

இந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் மேல் டிவிசன் கனகா எழுந்தாள். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிற பெண். குரல் உயர்த்த மாட்டாள், அதுதான் பயம்.

"இந்த வருசமும் அம்மன் மேல வரலைன்னா நாங்க மேலயே ஒரு சூலத்த நட்டுக் கும்பிட்டுக்கிறோம்லா. அப்புறம் யாரும் கோவிச்சுக்கக் கூடாது."

சொன்னவள் உட்கார்ந்துகொண்டாள்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் கோயில் கட்டுவதற்குப் பக்தி ஒரு காரணம், கோபம் இன்னொரு காரணம். சூலம் முதலில் வரும். பின்னால் தகரக் கூரை வரும். அப்புறம் இன்னொரு தலைவர், இன்னொரு ஒலிபெருக்கி, ஒரே நாளில் இரண்டு திருவிழா! எங்களிடம் இருப்பதே ஒரு உறுமி மேளம். அதையும் பாதியாக வெட்டுவதா?

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஜெகாவைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் புதுப் பட்டை போட்டே ஆக வேண்டும்.

"போட்டுர்லாம் மாமா. நீங்க கவலப்படாதீங்க" என்றான்.

கவலைப்படாதீர்கள் என்று என்னிடம் சொல்வது மழையிடம் நனைக்காதே என்று சொல்வது மாதிரி.

சனிக்கிழமை காலை, ஆயர் குரோவில் ஜெகாவின் வீட்டுப் போர்ச்சில் வேலை தொடங்கியது. உதவிக்கு அவனுடைய காட்டு நண்பன் ரஹிம். மேற்பார்வைக்கு நான். யாரும் கூப்பிடவில்லை, போனேன்.

பின்பக்கச் சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சின் பாரத்தை ஜாக்கில் தாங்கிக்கொண்டு, பழைய பட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். யூ போல்ட் நான்கு, நட்டு எட்டு. இவையெல்லாம் முனகிக்கொண்டே வந்துவிட்டன. பட்டையின் முன் நுனி வளையமான 'கண்ணில்' இருந்த ஒரு போல்ட் மட்டும் துருவேறி, உள்ளிருந்த ரப்பர் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு, அசையவே மாட்டேன் என்றது. ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி இருவரும் தொங்கினார்கள். வண்டிதான் ஆடியது.

"ஸ்டாண்ட் நகருது, ஸ்டாண்ட் நகருது!" என்றேன்.

"நகரல மாமா. நீங்கதான் நகர்றீங்க."

"பாக்சிக், டூடோக் டூலு" என்று மலாயில் என்னை முதலில் உட்காரச் சொல்லி, ரஹிம் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தான். உட்கார்ந்தேன். கடைசியில் அந்தப் போல்ட்டை கிரைண்டர் வைத்து அறுத்துத்தான் எடுத்தார்கள்.

புதுப் பட்டைகள் கறுப்பாக, பளபளவென்று, வில் மாதிரி வளைந்திருந்தன. பக்கத்துக்கு ஐந்து. பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது வில்லா, வெறும் பலகையா என்று சந்தேகம் வந்துவிடும், அவ்வளவு தொய்வு. நடு போல்ட்டின் தலை அச்சில் உள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று நானே குனிந்து பார்த்தேன். உட்கார்ந்திருந்தது. மறுபடி பார்த்தேன். அப்போதும் உட்கார்ந்திருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சக்கரம் தொங்கும்போதே கண் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கும்போது உள்ளிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துபோகும். வண்டியை இறக்கி, அது சுமக்கப் போகிற பாரத்தை ஏற்றி, அப்புறம்தான் கடைசி இறுக்கு.

"அம்மனுக்குப் பதிலா இப்ப எத ஏத்துறது மாமா?" என்றான் ஜெகா.

அன்னதானப் பொறுப்பு என்னுடையது. அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், சீனி எல்லாம் என் வீட்டு ஹாலில் குவிந்து கிடந்தன. ஏற்றிக்கொண்டு வந்தோம். அம்மன், ரதம், பூசாரி மூவரின் எடைக்கும் சரியாக நானே பார்த்து அடுக்கினேன். ஜெகா போல்ட்டுகளை இறுக்கினான். மூட்டைகளை இறக்கியதும் வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது பாருங்கள்... சம்பள உயர்வு கிடைத்த ஆள் மாதிரி!

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதுவே ஒரு கெட்ட சகுனம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை காலி வண்டி கோயில் வாசலின் சிமெண்டு வளைவுக்குள் சுகமாக நுழைந்தது. உள்ளே வைத்துத்தான் ரதத்தைப் பூட்டினார்கள். மத்தியானம் அன்னதானம். சாயங்காலம் தீபாராதனை முடிந்து, அம்மன் ரதத்தில் ஏறினாள். உறுமி முழங்கியது. நான் முன்னால் நடந்தேன். போகிற வழியில் ரோட்டைக் கடக்கும் ஒயர்கள் ஏழு. ஏழையும் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தாழ்ந்த கிளைகளை வெட்டச் சொல்லியிருந்தேன்.

வளைவை மட்டும் யாரும் பார்க்கவில்லை!

ஜெகா பிரேக் போட்டான். ரதத்தின் உச்சியில் இருந்த கலசம், வளைவின் வயிற்றைவிட உயரத்தில் நின்றது. இத்தனை வருடம் தொய்ந்த பட்டை குனிந்து குனிந்து போய்வந்திருக்கிறது. புதுப் பட்டைக்குக் குனிந்து பழக்கமில்லை.

ஜெகா இறங்கி நான்கு சக்கரத்திலும் காற்றைக் குறைத்தான். காட்டுக்குள் போகிறவர்கள் செய்கிற வேலைதான். இரண்டு விரல் இறங்கியது. இன்னும் நான்கு விரல் பாக்கி.

"கலசத்த மட்டும் கழட்டினா?" என்றான் ஜெகா.

"காப்புக் கட்டி பூசை பண்ணியாச்சு. கை வைக்கக் கூடாது" என்றார் பூசாரி.

"அம்மன இறக்கி வெளிய கொண்டுபோய் ஏத்தினா?"

"ஏறின அம்மா ஊரச் சுத்தாம இறங்கினா, திருவிழா முடிஞ்சதுன்னு அர்த்தம்."

கோயில் தலைவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. "கோயிலுக்குள்ளயே மூணு சுத்து சுத்திரலாம்லா. அம்மனுக்கு எல்லா இடமும் ஒண்ணுதானே" என்றார்.

வளைவுக்கு வெளியே, வழிகாட்டிப் போவதற்காக டிராக்டரோடு நின்றிருந்தாள் கனகா. டிராக்டரின் கழுத்தில் மாலை. அவளுக்குக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை.

"பரவால்ல தலைவரே. எல்லா இடமும் ஒண்ணுதான்னு நீங்களே சொல்லிட்டீங்க. நாங்க மேல ஒரு இடம் பாத்துக்கிறோம்."

சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். உறுமி நின்றுவிட்டது.

புது வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நான் செம்பனை எண்ணெய் மில்லில் லோரிகளின் எடையைக் குறிக்கும் குமாஸ்தாவாக, அதாவது எடைக் கிராணியாக, இருந்து ஓய்வு பெற்றவன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி எடைமேடைக்கு வரும்போது அதன் பட்டைகள் தட்டையாகக் கிடக்கும். குலையைக் கொட்டிவிட்டுப் போகும்போது வளைந்து எழும். ஆயுள் முழுக்க நான் பார்த்த காட்சி அது ஒன்றுதான். அதுகூட எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வர இவ்வளவு நேரமா?

"ஜெகா! பாரம்! பாரம் ஏத்து!"

"நேத்து ஏத்தின அரிசி மூட்டை எங்க மாமா?"

"சோறாகிப் போச்சே."

"சோறு எங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு கூட்டத்தைப் பார்த்தோம். நேற்று ஏற்றிய சரக்கு முழுவதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. மூட்டைதான் வேறு!

நான் ஆள் பொறுக்க ஆரம்பித்தேன். கண்ணாலேயே எடை சொல்லிவிடுவேன். அந்தத் தொழில் என்னை விட்டுப் போகவில்லை.

"செல்லத்துரை, நீ நூத்திப் பத்து. ஏறு."

எங்கள் பொருளாளர் செல்லத்துரை பதறினார். "அண்ணே! நூத்தி நாலுதான்ணே!"

அவர் மனைவி திரும்பினாள். "என்ட்ட தொண்ணூத்தி ஒண்ணுன்னீங்க?"

செல்லத்துரை சட்டென்று வண்டியில் ஏறிவிட்டார். அங்கேதான் பாதுகாப்பு. கலசம் அரை விரல் இறங்கியது. கூட்டம் கை தட்டியது.

அடுத்தது வடைக் கடைச் சரசு. நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டிவிட்டாள். "கிராணியாரே, எல்லாரு முன்னாலயும் நம்பர் சொன்னீங்க... நடக்குறதே வேற!"

"நம்பர் எதுக்கும்மா? அம்மனுக்குத் துணையா ஏறிக்க."

"அப்படிச் சொல்லுங்க" என்று, நான் ஏறும் முக்காலியில் கால் வைத்து ஏறினாள். முக்காலி ஒரு சத்தம் போட்டது. கலசம் தாராளமாக இறங்கியது.

அப்புறம் என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கிண்டலை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் பெருமையாக முன்னால் வந்தார்கள். ஒல்லியாக இருந்த ஒருவர் தானும் ஏறப் பார்த்தார். "நீ ஏறினா அம்மனுக்கே தெரியாதுய்யா, இறங்கு" என்று செல்லத்துரை மேலிருந்து விரட்டினார். ரதத்தைச் சுற்றி, பக்கப் பலகையில், பின்கதவில் என்று ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

மூன்று விரல்... இரண்டு... ஒன்று.

அந்த ஒரு விரலில் நின்றுவிட்டது. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நானா? நான் தலைவர்லா!"

"தொண்ணூறு கிலோத் தலைவர்" என்றேன்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏறினார். மீதிப் பாயசத்தோடு அண்டாவையும் தூக்கி அவர் மடிப்பக்கம் வைத்தார்கள். ஜெகா பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. யாரும் மூச்சு விடவில்லை. விட்டால் எடை குறைந்துவிடும் என்ற மாதிரி.

கலசத்தில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு பூ மட்டும் வளைவில் உரசி, சரசுவின் தலையில் விழுந்தது. அவ்வளவுதான். வண்டி வெளியே!

உறுமி மறுபடி எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போனது. கனகா டிராக்டரைக் கிளப்பினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சிரிக்கிறாளா, வேறா என்று கேட்கவில்லை.

ஏறியவர்களை வெளியே இறக்கிவிட்டோம். செம்மண் மேட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக நான் சம்மதிக்கவில்லை. போன வருடம் பட்டை உடைந்த இடம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். வண்டி ஒருமுறை இடப்பக்கம் இறங்கி, எழுந்து, நேரானது. அம்மன் லேசாக அசைந்தாள், ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது மாதிரி. சத்தம் ஏதும் இல்லை.

மேலே எட்டு வீட்டு வாசலிலும் கோலம், விளக்கு, ஆரத்தி. ஒவ்வொரு வாசலிலும் அம்மன் நின்றாள். கனகா தேங்காயைத் தூக்கி ரோட்டில் ஓங்கி அடித்தாள். அடித்த வேகத்தில் ஒரு வருடக் கோபமும் சிதறியிருக்க வேண்டும். ஒரு சில்லு என் வேட்டியில் வந்து விழுந்தது.

திரும்பப் புறப்படும்போது ஜெகா வண்டியை விட்டு இறங்கி என்னருகே வந்தான்.

"மாமா, வெளிய வந்தாச்சு. உள்ள போகணும்லா? கீழ இருக்கிற வெயிட்டெல்லாம் இந்நேரம் வீட்டுக்குப் போய் டிவி பாக்கும்."

அதைக் கேட்டுவிட்ட கனகா டிராக்டரை ஓரம் கட்டினாள். "அதான் நாங்க இருக்கோம்ல? எல்லாரும் வாங்க, போலாம்!"

எட்டு வீடும் அம்மனோடு மேட்டை விட்டு இறங்கி நடந்தது. வளைவுக்கு முன்னால் எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். அவர்கள் ஒல்லிதான், ஆனால் ஒருவர்கூட மிச்சமில்லாமல் ஏறினார்கள். அம்மனும் அவர்களும் சேர்ந்தே கோயிலுக்குள் நுழைந்தார்கள். வாசலில் நின்ற தலைவர், "பாத்து உக்காருங்கம்மா, தலையில இடிச்சுக்காதீங்க" என்று கையைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டே வந்தார். சூலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. வளைவை இடித்துவிட்டு இன்னும் உயரமாகக் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது.

வேண்டாம் என்று உயர்ந்த முதல் கை என்னுடையது. இரண்டாவது கை, கனகாவுடையது.