அண்ணன் கட்டிய வண்டியும் அவர் மிதிக்காத பிரேக்கும்

அண்ணனுடைய முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருப்பவர்களுக்கும், வர இயலாமல் இந்த நினைவு மலரை அஞ்சலில் பெறுபவர்களுக்கும் என் வணக்கம். கட்டுரையை எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் கொடுத்தார்கள். நான் தமிழாசிரியை என்பது ஒரு காரணம். அண்ணனைச் சிறையில் பார்க்க அண்ணியுடன் ஒவ்வொரு முறையும் போனவள் நான் என்பது மற்றொன்று. "சிறை" என்ற சொல் மலரில் வர வேண்டாம் என்று பெரியப்பா கேட்டுக்கொண்டார். பெரியப்பா மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அண்ணன் அதை ஒருநாளும் யாரிடமும் மறைத்தவரல்லர். எனவே நானும் மறைக்கவில்லை.

அண்ணன் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் குருவிநத்தத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ஊரை ஒட்டிக் கொஞ்சம் நெல் நிலமும், தென்பெண்ணை ஆற்றுக்குள் மேடாக நிற்கும் படுகையில் கரும்பு நிலமும் இருந்தன. படுகைக்குப் போக மணலில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அப்பா கடும் உழைப்பாளி. கோபம் வந்தால் கையில் கிடைப்பதை எடுத்து அடிப்பார். அண்ணனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது மோட்டார் கொட்டகையில் இருந்த டீசல் இஞ்சினைத் தனித்தனியாகக் கழற்றிப் பரப்பி வைத்துவிட்டார். அப்பா இஞ்சின் பெல்ட்டாலேயே அவர் முதுகை விளாசினார். இரத்தம் சட்டையோடு ஒட்டிக் காய்ந்தது. மறுநாள் அண்ணன் அதே சட்டையோடு போய் இஞ்சினைப் பூட்டினார். முன்பைவிடக் குறைவாகப் புகைந்து அது ஓடியது. அப்பா நின்று அதன் ஓசையைக் கேட்டுவிட்டு வயலுக்குப் போனார்.

பதினேழாவது வயதில், அம்மாவை அடிக்க ஓங்கிய அப்பாவின் கையை அண்ணன் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. பிறகு அப்பாவைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, தானே மிதித்துக் கட்டுப் போடக் கூட்டிப் போனார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அண்ணனின் குணத்தை யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முறித்ததும் அவர்தான், தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான்.

டீசல் மெக்கானிக் படிப்பை முடித்து வில்லியனூரில் ஒரு பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அரியூரிலிருந்து அண்ணி வந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைக் குறையாக இருவரும் பேசி நான் கேட்டதில்லை. அப்பா காலமான பிறகு படுகை நிலத்தை அம்மாவின் தம்பியான எங்கள் மாமா பார்த்துக்கொண்டார்.

ஒரு தை மாதக் காலையில் மாமா கரும்பு வெட்டுக்காக டிராக்டரை மணலில் ஓட்டிப் போனார். முன்தினம் வரை சமமாக இருந்த வழியில் திருட்டு மணல் அள்ளியவர்கள் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். சரிந்த மணல் அதை மூடியிருந்தது. டிராக்டர் பக்கவாட்டில் கவிழ்ந்து மாமாவின் இடுப்பின் மேல் விழுந்தது. செய்தி கேட்டு ஓடிய அண்ணன் மண்வெட்டிக்குக் காத்திராமல் கையாலேயே தோண்டினார். நான்கு நகங்கள் பெயர்ந்துவிட்டன. மாமா கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

காரியம் முடிந்ததும் அண்ணன் பட்டறை வேலையை விட்டார். எந்தக் குழியில் இறங்கினாலும் ஓட்டுகிறவனை நசுக்காத ஒரு வண்டியைக் கட்டப் போவதாகச் சொன்னார். துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தோம். ஆனால் மாட்டுக் கொட்டகை காலியானது. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஜீப்பின் அடிச்சட்டம் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்பதற்காக இரண்டு வண்டிகளின் அச்சுகளைத் தேடிப் பிடித்தார். மணலில் புதையாத அகலமான டயர்கள், சேறு வந்தாலும் மூச்சு முட்டாதபடி தலைக்கு மேல் ஏற்றிய காற்றுக் குழாய், முன்னால் எதையும் கட்டி இழுக்க இரும்புக் கயிறு சுற்றிய வின்ச். ஓட்டுகிறவரைச் சுற்றிக் கனத்த குழாய்களை வளைத்துக் கூண்டு கட்டினார்.

அந்த ஒன்றரை ஆண்டும் வீடு ஒரு போர்க்களமாகவே இருந்தது. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டு இரண்டு நாள் பார்வையின்றிக் கிடந்தார். இஞ்சினைத் தூக்கிய சங்கிலி நழுவி அவர் தோள்பட்டை எலும்பை உடைத்தது. ஒருமுறை டீசல் தீப்பற்றி அவரது இடது முன்கை வெந்தது. அண்ணி சுத்தியலை எடுத்து முன்விளக்கை உடைத்துவிட்டு அழுதார். அண்ணன் வேறு விளக்கு வாங்கி மாட்டினார். சாலையில் ஓட்ட அதற்கு அனுமதி கிடையாது. வயலிலும் ஆற்றிலும் மட்டும் ஓடியது. ஊரார் அதை எருமை என்றார்கள். முதன்முதலாக மாமா இறந்த குழியிலேயே இறக்கினார். அது சாய்ந்து, உறுமி, மறு கரையில் ஏறி நின்றது. அம்மா அங்கேயே மணலில் உட்கார்ந்து தன் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார்.

எதிர்க்கரைப் படுகையில் குடியிருந்த ஏழுமலை அந்தப் பகுதியில் மணல் அள்ளும் ஆட்களுக்குத் தலைவராக இருந்தார். மணலில் புதையும் லாரிகளை இழுக்க அண்ணனின் வண்டி வேண்டும் என்று கேட்டு வந்தார். முதலில் மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணன் சொன்ன பதில் தெரு முழுக்கக் கேட்டது.

"எங்க மாமாவ முழுங்கன குழிடா அது. அதுக்கு நான் வண்டி வுடுவனா?"

ஒரு வாரம் கழித்து, காலை ஏழு மணி சுமாருக்கு ஏழுமலையின் ஆட்கள் ஐந்து பேர் இரும்புக் கம்பிகளோடு கொட்டகைக்குள் புகுந்தார்கள். ரேடியேட்டரைக் குத்திக் கிழித்தார்கள். தடுத்த அண்ணனின் தலையில் அடித்தார்கள். விழுந்தவரை மிதித்தார்கள். கரும்பு வெட்டும் கத்தியோடு ஓடிவந்த அண்ணி ஒருவன் தோளில் வெட்டியதும்தான் ஓடினார்கள். அண்ணனுக்குப் பதினோரு தையல். புகார் கொடுத்தோம். யாரும் கைதாகவில்லை.

தையல் பிரித்த மறுவாரம் அண்ணன் வண்டியைச் சரிசெய்து ஆற்றுக்குள் ஓட்டினார். எங்கள் கரும்பின் ஓரத்தில் ஏழுமலையின் லாரி மணல் ஏற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் வின்ச் கயிற்றை அதில் மாட்டி இழுத்துக் குழியில் கவிழ்த்தார். ஆட்கள் சிதறி ஓடினார்கள். ஏழுமலை மட்டும் ஓடாமல் வண்டிக்கு நேராக வந்து நின்று, ஏற்றுடா பார்க்கலாம் என்றார். அண்ணன் ஏற்றினார். சக்கரம் அவருடைய வலது காலின் மேல் ஏறி இறங்கியது.

அடுத்த நிமிடமே அண்ணன் கீழே குதித்துத் தன் வேட்டியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டி, அதே வண்டியில் அவரைப் போட்டு, மணலைக் கடந்து தார்ச்சாலை வரை கொண்டுபோய் ஆம்புலன்சில் ஏற்றினார். பிறகு இரத்தம் தோய்ந்த உடையோடு காவல் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஏழுமலையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் வழக்கறிஞர் நல்லவர். வீட்டில் கட்டிய வண்டி, பிரேக் பிடிக்கவில்லை என்றால் எந்த நீதிமன்றமும் நம்பும், தண்டனை இல்லாமலே போகக்கூடும் என்றார். காலாப்பட்டுச் சிறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் அதையே கெஞ்சினேன். அம்மா படுக்கையில் இருக்கிறார், ஒரே ஒரு பொய்தானே என்றேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா, அந்த பிரேக்கு நான் கட்னது. மிதிச்சா நிக்கும். நான் மிதிக்கல."

நீதிமன்றத்திலும் அதையேதான் சொன்னார். மூன்றாண்டு தண்டனை கிடைத்தது. அவர் உள்ளே இருந்தபோது அம்மா காலமானார். கொள்ளி வைக்க மட்டும் காவலோடு வந்து போனார். வழக்கு முடிந்ததும் அண்ணி நீதிமன்ற உத்தரவோடு வண்டியை மீட்டுவந்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். விற்கச் சொன்னவர்களிடம் அது தன்னுடைய பொருள் அல்ல என்று சொல்லிவிட்டார்.

விடுதலையாகி வந்த மூன்றாம் நாள் அண்ணன் எதிர்க்கரைக்கு நடந்தே போய் ஏழுமலையின் வாசலில் நின்றார். ஏழுமலையின் மனைவி துடைப்பத்தால் அடித்தார். ஏழுமலை ஊன்றுகோலை வீசியதில் அண்ணனின் புருவம் பிளந்தது. அண்ணன் கையைக்கூடத் தூக்கவில்லை. ஊன்றுகோலை எடுத்து அவர் கைக்கு எட்டும் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினார். காயத்துக்கு அண்ணி மஞ்சள் அப்பும்போது, அவன் ஆடு மேய்க்கிறான் என்று மட்டும் சொன்னாராம்.

சென்ற கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மேலே அணையைத் திறந்தார்கள். நான் அன்று அண்ணியைப் பார்க்க வந்திருந்தேன். முற்பகலில் ஆறு கரையை முட்டியது. எதிர்க்கரைப் படுகையில் சிக்கியவர்கள் கூரை மேல் நின்று துணியை வீசினார்கள். தீயணைப்பு வண்டி வேறு ஊரில் இருந்தது. அண்ணன் தார்ப்பாயை உருவி எறிந்தார்.

முதல் இரண்டு நடையில் ஒன்பது பேரைக் கொண்டுவந்தார். தண்ணீர் இருக்கைக்கு மேல் ஓடியது. மூன்றாவது நடையில் ஏழுமலையின் மனைவியும் வயதான தாயும் வந்தார்கள். ஏழுமலை வரவில்லை. தன் காலைத் தின்ற வண்டியில் ஏற மாட்டேன் என்று கூரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அண்ணி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் வுடு. அவன் வர மாட்டான்."

"அவன் வரலன்னாலும் நான் போயி நிக்கணும்" என்று அண்ணன் கையை விலக்கிவிட்டுப் போனார்.

அந்த வீட்டை நெருங்கும்போது வண்டியின் முன்பக்கம் திடீரென்று இறங்கியது. நீருக்கடியில் பழைய மணல் குழி. யார் தோண்டியது என்று நான் எழுதத் தேவையில்லை. வெள்ளம் வண்டியைப் புரட்டிப் பக்கவாட்டில் சாய்த்தது. கூண்டு நசுங்கவில்லை. ஆனால் ஸ்டியரிங் அண்ணனின் மார்பில் இடித்து விலாவை முறித்தது. சட்டம் வளைந்து கால்களைப் பிடித்துக்கொண்டது. தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒவ்வோர் அலைக்கும் அது மறைந்தது. கரையிலிருந்து நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை.

அப்போது ஏழுமலை கூரையிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கினார். ஒற்றைக் காலைக் கூண்டுக் குழாயில் கோத்துக்கொண்டு, அண்ணனின் தாடையைத் தன் முழங்கையில் தாங்கி நீருக்கு மேலே தூக்கினார். மிதந்து வந்த மரம் ஒன்று அவர் முதுகில் மோதித் தோலைக் கிழித்தது. அப்படியே இருந்தார். தீயணைப்பு வீரர்களின் படகு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

அண்ணன் அரியூர் மருத்துவமனையில் ஐந்து நாள் உயிரோடு இருந்தார். நுரையீரலில் இரத்தம் கோத்திருந்தது. நினைவு வந்த நேரத்தில் அண்ணியிடம் வண்டியை அறுத்துவிடச் சொன்னார். ஆறாம் நாள் விடியற்காலையில் எங்களை விட்டுப் போனார். கருமாதி முடிந்த பின் அண்ணி ஆள் வைத்து, கேஸ் கட்டரால் அதைத் துண்டு துண்டாக அறுத்து அனுப்பினார். அறுத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அந்த ஐந்து நாளும் உழைத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வெள்ளத்தில் படகிறக்கிய தீயணைப்பு வீரர்களுக்கும், அண்ணன் சிறையில் இருந்த காலத்தில் எங்கள் கரும்பைத் தங்கள் கரும்போடு சேர்த்து வெட்டிக் கொடுத்த ஊர் மக்களுக்கும், பொய் சொல்லாத கட்சிக்காரருக்காகக் கடைசிவரை வாதாடிய வழக்கறிஞருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படித்து மனம் வருந்தக்கூடிய பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழுமலை அவர்களுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியாமல், சென்ற வாரம் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். முதுகில் அந்தக் காயத்தின் தழும்பு இன்னும் தெரிந்தது. ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"இன்னாவேணா எழுதிக்க. மன்னிச்சிட்டான்னு மட்டும் எழுதாத எம்மா. நான் மன்னிக்கல. திட்டிக்கிட்டேதான் புடிச்சிருந்தேன். கைய வுடல, அவ்ளோதான்."

அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.